பிலிப்பியருக்குப் பவுல் ஏன் நன்றி சொல்லவில்லை?

சனிக்கிழமை வாசகி:

எங்கள் சபையில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி நிருபங்களை வாசிக்கிறோம். சென்ற வாரம் பிலிப்பியர் நான்காம் அதிகாரம்: அப்போஸ்தலர் பவுல் காவலில் இருந்தபோது பிலிப்பி நகரத்துச் சபைக்குக் கிரேக்கத்தில் எழுதிய கடிதம். கடைசி வரிசையில் எப்போதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், அன்று திடீரென்று கேட்டார்: “காவலில் இருக்கிறவருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டவர் பதினொரு வசனம் எழுதுகிறார். அதில் ‘உங்களுக்கு நன்றி’ என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.”

தேடினோம். இல்லை. “மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்கிறார். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். கடைசியில் “உபகாரத்தை நான் நாடாமல்” என்று வேறு சொல்லிவிடுகிறார். மொய் வைத்தவரிடம் ‘இது எனக்கு அவசியம் இல்லைதான்’ என்று சொல்வதுபோல் இல்லையா? அனுப்பியவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

பெரியவருக்கு நாங்கள் ஆளுக்கொரு பக்திப் பதில் சொன்னோம். அவர் தலையாட்டினார், திருப்தியாகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் ஆகவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

பழைய கணக்கர்:

அம்மா, நான் முப்பத்தொரு ஆண்டுகள் பேரேடு எழுதியவன். அந்தப் பகுதியை முதன்முதலில் கவனித்து வாசித்தபோது சிரித்துவிட்டேன். அது எங்கள் தொழில் மொழி.

15ஆம் வசனத்தில் வருவது ‘கொடுக்கல் வாங்கல்’ என்பதற்கான கிரேக்கத் தொடர். 17இல் “உங்கள் கணக்குக்குப் பலன் பெருகும்படியே” என்கிறார். கணக்கு என்று நம் பழைய மொழிபெயர்ப்பே போட்டிருக்கிறது. 18இல் ‘அபேகோ’ என்று ஒரு வினைச்சொல் வருகிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) ரசீதுகளிலும், வரி கட்டியதற்கான பானையோட்டுச் சீட்டுகளிலும் இதே சொல்தான் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று பொருள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

ஆக, பவுல் அனுப்பியது ரசீது. ஆனால் விசித்திரமான ரசீது. பணம் பெற்றவர் ஒருவர். வரவு வைத்திருப்பது வேறு ஒருவர் பேரில். திருப்பிக் கொடுக்கப் போகிறவராக 19ஆம் வசனத்தில் எழுதியிருப்பது “என் தேவன்” என்று. எந்தத் தணிக்கையாளரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அல்பா பீட்டா:

ஐயா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். கிரேக்கம் கற்கத் தொடங்கி மூன்றாம் ஆண்டுதான் ஆகிறது. தவறு இருந்தால் திருத்துங்கள்.

‘வாயால் நன்றி சொல்வது’ அக்காலத்தில் நாம் நினைக்கிற மாதிரி இயங்கவில்லை. எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் கடிதம் இருக்கிறது. கி.பி. 58ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது பவுல் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டது. கைராஸ் என்பவர் தியோனீசியுஸ் என்ற மருத்துவருக்கு எழுதுகிறார். உங்களுக்குப் பெரிதாக நன்றி எழுதப்போவதில்லை, நண்பர்கள் அல்லாதவர்களுக்குத்தான் சொற்களால் நன்றி சொல்லவேண்டும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். நெருங்கியவருக்கு நன்றி சொன்னால் அந்நியப்படுத்தியதாகிவிடும். நம் வீடுகளிலும் அம்மா சோறு போட்டால் யார் ‘நன்றி’ என்கிறார்கள்?

இன்னொன்று. ‘காரிஸ்’ என்ற சொல்லை நம் பைபிளில் ‘கிருபை’ என்றே பார்த்துப் பழகிவிட்டோம். ஊரார் வாயில் அதற்குக் கொடை என்றும் பொருள், கொடைக்குக் காட்டும் நன்றி என்றும் பொருள். 2 கொரிந்தியர் 8, 9ஆம் அதிகாரங்களில் மட்டும் பத்து முறை வருகிறது: ஓரிடத்தில் கடவுளின் அருள், ஓரிடத்தில் எருசலேமுக்கு வசூலித்த பணம், கடைசி வசனத்தில் “தேவனுக்கு ஸ்தோத்திரம்”. மூன்றும் ஒரே சொல்.

இதற்குச் சரியான தமிழ்ச்சொல் ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது. “தினைத்துணை நன்றி செயினும்” என்ற குறளில் நன்றி என்பது செய்த உதவி. இன்று அதே சொல்லுக்கு உதவியை நினைத்திருத்தல் என்று பொருள். போவதும் வருவதும் ஒரே சொல்லில். காரிஸ் அப்படித்தான்.

பழைய கணக்கர்:

தம்பி, வெகு அழகு. பற்று வரவு இரண்டுக்கும் ஒரே பத்தி என்கிறீர்கள்.

கடலோடி:

கப்பல் பொறியாளனாக இருந்தபோது ஒருமுறை கொரிந்துப் பக்கம் இரண்டு நாள் தங்க வாய்த்தது. மற்றவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். நான் இடிபாடுகளுக்குப் போனேன்.

அங்கே பழைய நாடகத் திடலுக்கு அருகில் ஒரு கல்தளம். அதில் ‘எரஸ்து’ என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. 1929இல் தோண்டி எடுத்தார்களாம். எழுத்து ஒவ்வொன்றும் 18 செ.மீ. அளவில் உயரம். ஒரு காலத்தில் அந்தப் பள்ளங்களில் வெண்கலம் பதித்திருந்தது. இப்போது வெறும் பள்ளம். குனிந்து ஒரு எழுத்துக்குள் விரல் வைத்துப் பார்த்தேன், மழைநீரும் காய்ந்த புல்லும்தான். சொல்லும் செய்தி இவ்வளவே: எரஸ்து, தமக்குக் கிடைத்த நகரப் பதவிக்காக, சொந்தக் காசில் இந்தத் தளத்தைப் போட்டார்.

ரோமர் 16:23இல் பட்டணத்து அதிகாரியாக வரும் எரஸ்து இவர்தானா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். என் அக்கறை அதில் இல்லை. ஊருக்குத் தளம் போடு, பெயரை வெண்கலத்தில் பதி. ஊர் உனக்குப் பதவியும் மரியாதையும் தரும். அந்த நகரத்தின் காற்றே அதுதான். கொரிந்து கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் ஆணைப்படி மீண்டும் குடியேற்றப்பட்ட உரோமைக் குடியிருப்பு. பெரிய வீட்டு வாசலில் விடியற்காலையில் போய் நின்று கும்பிடு போடுவதும், வீட்டுக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதும், அவர் வெளியே போகும்போது பின்னால் நடப்பதும் உரோமையர் வழக்கம். அந்த வீட்டுக்காரருக்குப் ‘பத்ரோனுஸ்’ என்று பெயர்; புரவலர் என்று நாம் சொல்லலாம்.

இந்த ஊரில்தான் பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைக்கிறார், கொடுத்த பணத்தை வாங்க மறுக்கிறார். பிலிப்பியில் வாங்கியவர் கொரிந்தில் ஏன் வாங்கவில்லை? அவர்களுக்கும் கோபம் வந்திருக்கிறது. “இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்” என்று அவர் குத்தலாக எழுதுகிற அளவுக்கு (2 கொரி. 12:13).

வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு லூக்கியான் காட்டும் ஒரு காட்சி. ஒரு நூற்றாண்டு பிந்தியவர், நையாண்டி எழுத்தாளர். பணக்கார வீடுகளில் சம்பளத்துக்கு அமர்ந்த படிப்பாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்தோயிக் தத்துவ அறிஞர் ஒருவர், வயதானவர், வீட்டு அம்மாளின் வண்டிப் பயணத்தில் அவளுடைய சினை நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டியதாகிறது. போர்வைக்குள்ளிருந்து நாய் தலையை நீட்டி அவர் தாடியை நக்குகிறது. கடைசியில் அவர் போர்வையிலேயே குட்டியும் போட்டுவிடுகிறது. கொரிந்துப் பணக்காரர் வீட்டில் ‘எங்கள் வீட்டு அப்போஸ்தலர்’ என்று இருந்திருந்தால் பவுலுக்கும் ஒரு நாய் காத்திருந்திருக்கும்.

மறுபக்கம்:

எல்லோரும் பவுலுக்கு வக்காலத்து வாங்குவதால் நான் எதிர்க்கட்சியில் உட்காருகிறேன்.

அவர் புரவலர் முறையை மறுத்தார் என்று சொல்லாதீர்கள். தமக்கு மேலே ஒருவர் உட்காருவதை மறுத்தார். தாம் மேலே உட்காருவதில் அவருக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. பிலேமோன் நிருபத்தை எடுங்கள். 25 வசனம்தான். அடிமை ஒநேசிமு எசமான் பிலேமோனிடமிருந்து பிரிந்து பவுலிடம் வந்திருக்கிறான். அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதுகிறார்: அவன் கடன்பட்டிருந்தால் “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்”. தம் சொந்தக் கையாலேயே எழுதிக்கொடுக்கிறார். ஆகா, எவ்வளவு பெருந்தன்மை! அடுத்த மூச்சிலேயே, நீர் உம்மைத்தானே எனக்குக் கடன்பட்டிருக்கிறீர் என்று சொல்லவேண்டியதில்லையே என்கிறார். சொல்லவேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்கிறவர்களை நம் குடும்பங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். பிலேமோன் எப்படி மறுப்பார்? வீட்டுச் சபைக்கும் சேர்த்துத்தான் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் வாசித்திருப்பார்கள். போதாததற்கு, எனக்கு ஒரு தங்குமிடமும் ஆயத்தம் பண்ணும் என்கிறார். வந்து பார்க்கப் போகிறேன் என்று அதற்குப் பொருள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதிலும் ஒநேசிமு ஒரு சொல் பேசவில்லை. அவன் இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே கைமாறுகிற சரக்கு. அவன் பெயருக்கே ‘பயன்படுகிறவன்’ என்று பொருள். பவுல் அதை வைத்துச் சொல்விளையாட்டு வேறு ஆடுகிறார்.

பழைய கணக்கர்:

சகோதரி, கடிதம் நெருக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கையெழுத்துடன் கடன் சீட்டு எழுதிக்கொடுத்து, அதன் கீழேயே பழைய பாக்கியையும் நினைவூட்டுவது நேர்மையான கணக்கு எழுத்து ஆகாது.

இருந்தாலும் 16ஆம் வசனத்தைத் தாண்டிப்போகாதீர்கள். “இனிமேல் அடிமையானவனாக அல்ல”, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். சகோதரனிடம் எந்தக் கணக்கை வசூலிப்பது?

மறுபக்கம்:

பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்ததில்லையா, ஐயா?

பழைய கணக்கர்:

பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டிலேயே. அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன்.

அல்பா பீட்டா:

அடிமை என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1 கொரிந்தியர் 7:22இல், அடிமையாக அழைக்கப்பட்டவன் கர்த்தருடைய “சுயாதீனன்” என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. தமிழில் கேட்கும்போது முழு விடுதலை போல ஒலிக்கிறது. கிரேக்கச் சொல் ‘அபெலெவ்தெரோஸ்’: விடுவிக்கப்பட்ட அடிமை. உரோமைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவனுக்குப் பழைய எசமானே புரவலர். அவருக்கு மரியாதை காட்டவேண்டும். வாக்களித்த வேலைநாட்களைச் செய்துகொடுக்கவேண்டும். எனவே ‘கர்த்தருடைய விடுதலையாள்’ என்றால் அவனுக்குப் புதிய புரவலர் ஒருவர் வந்துவிட்டார் என்றுதான் கொரிந்தில் கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

‘விசுவாசம்’ என்ற சொல்லையும் பாருங்கள். சபையில் அது கடவுள் நம்பிக்கை. கடைத்தெருவில் ‘முதலாளிக்கு விசுவாசமாக இருந்தான்’ என்போம். ‘பிஸ்திஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலும், ‘ஃபிதெஸ்’ என்ற லத்தீன் சொல்லிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆனால் மொழிபெயர்ப்பு வேறு ஓரிடத்தில் நம்மை ஏமாற்றிவிட்டது. ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் பெபேயாள். “அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்” என்று வாசிக்கிறோம். கஞ்சி வைத்துக்கொடுத்த நல்ல அம்மாள் என்ற எண்ணம் வரும். மூலத்தில் ‘புரோஸ்தாதிஸ்’, அதாவது பெண் புரவலர். கொரிந்துக்கு அருகிலேயே 1954இல் கிடைத்த ஒரு கல்வெட்டு, ஜூனியா தெயோதோரா என்ற லூக்கியா நாட்டுப் பெண்ணைப் பற்றியது. முதல் நூற்றாண்டு. லூக்கியாவின் நகரங்கள் அவருக்கு மரியாதை செய்து தீர்மானம் போடுகின்றன. தம் நாட்டார் கொரிந்துக்கு வந்தால் வீட்டில் இடம் கொடுத்தார், அதிகாரிகளிடம் அவர்களுக்காகப் பேசினார் என்று. அங்கே அவருடைய செயலைக் குறிக்க வருவது அதே வேரில் பிறந்த சொல். பெபேயாள் அப்படிப்பட்ட ஓர் ஆள். கெங்கிரேயா கொரிந்தின் கிழக்குத் துறைமுகம். கப்பல் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் அவர் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கவேண்டும். பவுல் ஒரு பெண்ணைத் தம் புரவலர் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் தமக்கு மேலே யாரும் உட்காருவதை அவர் மறுத்தார் என்பது முழு உண்மை அல்ல, அக்கா.

மறுபக்கம்:

சரி தம்பி, பெபேயாளுக்காக ஒரு படி இறங்குகிறேன். ஆனால் அங்கேயும் நன்றியைத் தாமே செலுத்தாமல், ரோமாபுரியில் இருக்கிறவர்களைச் செலுத்தச் சொல்கிறார் பாருங்கள்: அவளுக்கு வேண்டிய உதவியை நீங்கள் செய்யுங்கள் என்று! பெரியவரின் கேள்வி இங்கேயும் நிற்கிறது.

பவுலிடம் எனக்கு மரியாதை வருகிற இடம் வேறு: 1 கொரிந்தியர் 11, கர்த்தருடைய பந்தி, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்து. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிபோதையில்). நமக்கு இது ஏதோ ஒழுங்கீனமாகத் தெரிகிறது. அவர்களுக்கு இதுதான் ஒழுங்கு. உரோமை விருந்தறையில் மூன்று சாய்மஞ்சம், மஞ்சத்துக்கு மூவர், ஆக ஒன்பது பேர். மற்றவர்கள் முற்றத்தில். உள்ளே பரிமாறுவது வேறு, வெளியே வேறு. உரோமைச் செனட்டரான இளைய பிளினி ஒரு கடிதத்தில் இப்படி ஒரு விருந்தை விவரிக்கிறார். சின்னக் குப்பிகளில் மூன்று தரத் திராட்சை ரசம்: தமக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று, இரண்டாந்தர நண்பர்களுக்கு ஒன்று (அந்த வீட்டுக்காரருக்கு நண்பர்களே தரவாரியாகத்தான்), விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்கு ஒன்று. பிளினி இதை வெறுக்கிறார். தம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ரசம் என்கிறார். செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்டால், விடுவிக்கப்பட்டவர்கள் நான் குடிப்பதைக் குடிப்பதில்லை, அவர்கள் குடிப்பதை நான் குடிக்கிறேன் என்கிறார். நல்ல மனிதர் என்று தோன்றும்.

இதே பிளினி பின்னாளில் கருங்கடல் ஓர மாகாணமான பித்தினியாவுக்கு ஆளுநராகப் போய், ஏறத்தாழ 112இல், கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையில் அவர்களுக்கு ஊழியக்காரிகள் என்று பெயர் இருந்ததாக அவரே டிராஜன் பேரரசருக்கு எழுதுகிறார். ரோமர் 16:1இல் பெபேயாளையும் பவுல் ஊழியக்காரி என்கிறார்; அதற்கு நேரான லத்தீன் சொல் இது. எசமானியான பெபேயாளுக்கும் பெயரற்ற இரண்டு அடிமைகளுக்கும் ஒரே பட்டம். இந்த ஒன்றுக்காக என் எதிர்க்கட்சி நாற்காலியை விட்டு ஒரு நிமிடம் எழுந்து நிற்கிறேன்.

கடலோடி:

இந்த இழையில் ‘புரவலர்’ என்ற சொல்லை எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டு போகிறோமோ என்று ஒரு சந்தேகம். உரோமையரின் பத்ரோனுஸ் ஒன்று. ஊருக்கே தளமும் குளியலறையும் கட்டிக்கொடுக்கும் கிரேக்க ‘உபகாரி’ இன்னொன்று. சமமான நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது மூன்றாவது. “உபகாரிகள் என்னப்படுகிறார்கள்” என்று லூக்கா 22இல் இயேசு ராஜாக்களைச் சொல்வது இரண்டாவது வகை. லூக்கா 7இல் நூற்றுக்கு அதிபதியும் அதே வகைதான்: ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தான், அதனால் “பாத்திரனாயிருக்கிறான்” என்று மூப்பர்கள் பரிந்து பேசுகிறார்கள். அவனோ, நான் பாத்திரன் அல்ல என்று ஆள் அனுப்புகிறான். ஊர் எழுதிவைத்த கணக்கை அவனே அடித்துவிடுகிறான்.

பழைய கணக்கர்:

கடலோடி சொன்ன எச்சரிக்கை சரி. ஆனால் பேரேடு பின்னால் யார் கைக்குப் போனது என்று பார்த்தால், வகைகள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கலந்துவிடுகின்றன.

இரண்டாம் நூற்றாண்டு நடுவில், ரோமாபுரியில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: ஞாயிறன்று வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள், அது தலைவரிடம் வைக்கப்படுகிறது, அவர் அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வழிப்போக்கர்களைக் கவனிக்கிறார். இந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். விதவைக்கு எந்தப் பணக்காரர் கொடுத்தார் என்று தெரியாது. எனவே விடியற்காலையில் எவர் வாசலிலும் போய் நிற்கவேண்டியதில்லை. உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் பெட்டியைத் திறக்கிறவரை எல்லோருக்கும் தெரியும். 251 வாக்கில் ரோமாபுரிச் சபை தாங்கிக்கொண்டிருந்த விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல் என்று ஆயர் கொர்னேலியுஸின் கடிதம் கணக்குச் சொல்கிறது. அதே கடிதத்தில் 46 மூப்பர்கள், ஏழு உதவிக்காரர்கள், 42 துணைப் பணியாளர்கள் என்று அலுவலகப் பட்டியலும் இருக்கிறது. 1,500 பேருக்குச் சோறு போடுகிற கை எந்த உரோமைப் பிரபுவின் கைக்கும் குறைந்ததா?

மார்க்கியோன் கதையும் தெரிந்திருக்கும். கருங்கடல் பக்கத்துக் கப்பல் முதலாளி. ரோமாபுரிச் சபையில் சேர்ந்தபோது 2,00,000 செஸ்தெர்ஸ் (உரோமை நாணயம்) கொடுத்தார் என்று தெர்த்துல்லியன் என்ற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் சொல்கிறார். அன்றைய படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200. வகுத்துப் பாருங்கள், 166 ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். பிற்பாடு கொள்கைத் தகராறு வந்து அவரை விலக்கினார்கள். விலக்கியபோது பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு அவரை வெளியே தள்ளினால் அவருக்குக் கடன்பட்டவர்களாகவே அவர்கள் இருந்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் அனுபவத்தில், வாங்கிய நன்கொடையை முழுதாகத் திருப்பிக் கொடுத்த நிர்வாகத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அல்பா பீட்டா:

ஐயா, அதே ஊரில் அதே நூற்றாண்டில் ஹெர்மாஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதற்கு ஒரு படம் வரைந்துகொடுத்தார். எல்ம் மரத்தில் திராட்சைக்கொடி ஏறியிருக்கிறது. மரம் காய்க்காது, கொடி தரையில் கிடந்தால் பழம் அழுகும். பணக்காரன் மரம், ஏழை கொடி. அவன் கொடுக்கிறான், இவன் அவனுக்காக ஜெபிக்கிறான். திருப்பிச் செலுத்த எதுவும் இல்லாத ஏழைக்கு, செலுத்துவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

மறுபக்கம்:

கொடி கொடியாகவே இருக்கவேண்டும் என்பதையும் அந்தப் படம் உறுதி செய்துவிட்டது. சரி, நான் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாட்களாக இதை வாசித்துவிட்டு நேற்று பிலிப்பியரை முதலிலிருந்து எடுத்தேன். நாங்கள் நான்காம் அதிகாரத்தில் மட்டும் தேடியிருக்கிறோம். இரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் எப்பாப்பிரோதீத்து வருகிறார். பணத்தைக் கொண்டுவந்த ஆள் அவர்தான்.

அனுப்பியவர்களிடம் பணம் இருந்தது. கொண்டுபோக இவர் இருந்தார். காசோலையா, மணியார்டரா? நாணயத்தை உடம்போடு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கவேண்டும். நடுவில் நோயில் விழுந்து மரணத்துக்குச் சமீபமாய்ப் போய்விட்டார். ஊரில் அந்தச் செய்தி தெரிந்துவிட்டதே என்று அவருக்கு அதுவேறு கவலை. பவுல் அவரைத் திருப்பி அனுப்பும்போது எழுதுகிறார்: அவரை மிகுந்த சந்தோஷத்தோடே ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனமாயெண்ணுங்கள்.

கனம் என்பது கொடுத்தவருக்குப் போகவேண்டியது, இல்லையா? வெண்கல எழுத்தில் பதிக்கிற மரியாதை. பிலிப்பியும் கொரிந்தைப் போல உரோமைக் குடியிருப்புதான். அங்கேயும் கொடையாளியின் பெயரைத்தான் கல்லில் வெட்டியிருப்பார்கள். பவுலோ கொடையாளிகளைப் பார்த்து, பையைச் சுமந்து வந்தவருக்கு நீங்கள் கனம் செலுத்துங்கள் என்கிறார்.

நேற்று மாலையே பெரியவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “நான் இருபத்தாறு வருடம் தபால்காரனாக இருந்தேன், அம்மா. மாதா மாதம் மணியார்டர் கொண்டுபோய்க் கொடுப்பேன். பணம் அனுப்பிய மகனைத்தான் வாழ்த்துவார்கள்; அதுதானே முறை. ஒரே ஒரு பாட்டி மட்டும் முதலில் எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் பிறகு கைநாட்டு வைப்பாள்.”

இந்தச் சனிக்கிழமை இரண்டாம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லியிருக்கிறோம்.